எம்.எஸ். நோய்க்கு என்சைம் மாத்திரை: வாங்கும் முன் செய்ய வேண்டியவை

தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக வேலை செய்கிறேன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்ற நரம்பு நோய் வீட்டில் ஒருவருக்கு இருப்பது புதிதாகத் தெரியவந்தவர்கள் சீட்டோடு வருவார்கள். மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகு, கிளம்பும் நேரத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "என்சைம் மாத்திரை சாப்பிட்டால் இதற்கு நல்லது என்கிறார்களே, இருக்கிறதா?" சொந்தக்காரர் யாராவது சொல்லியிருப்பார், அல்லது செல்பேசியில் ஒரு காணொளி வந்திருக்கும். மருத்துவரிடம் கேட்டால் கோபிப்பாரோ என்ற தயக்கத்தில் என்னிடம் கேட்கிறார்கள். வரிசையில் ஆட்கள் நிற்கும்போது அதற்கு முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்சைம் என்பது, உணவைச் செரிப்பது போன்ற வேதி வேலைகளை உடலில் விரைவாக்கும் புரதம். முடிவை முன்னாலேயே வைத்துவிடுகிறேன். என்சைம் மாத்திரை எம்.எஸ். நோயைக் கட்டுப்படுத்தும் என்பது மனிதர்களிடம் நிரூபிக்கப்படவில்லை. பால் ஒத்துக்கொள்ளாதது, சுண்டல் சாப்பிட்டால் வயிறு ஊதுவது போன்ற சில செரிமானச் சிக்கல்களுக்கு, பொருத்தமான என்சைமாக இருந்தால் உதவும். நரம்பியல் மருத்துவர் எழுதிய மருந்தைத் தொடர்ந்துகொண்டே, அவருக்குத் தெரியப்படுத்தி, அந்தச் சிறிய வேலைக்கு மட்டும் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி உதவும். எழுதிக்கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு என்சைமுக்கு மாறலாமா என்று யோசிப்பவர்கள் இதை இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் படி: நோயின் போக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே அந்த உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். உறை சிதைந்த இடத்தில் நரம்புச் செய்தி தடுமாறுகிறது. எந்த இடம் பாதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து ஒருவருக்கு ஒரு கண் மங்கும், இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகும், வேறொருவருக்குச் சிறுநீரை அடக்க முடியாது. சொல்லி மாளாத சோர்வு பெரும்பாலோருக்கு உண்டு. 1868இல் பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

பெரும்பாலோருக்கு இது வந்து வந்து தணிகிற வகையாகத் தொடங்கும். ஒரு தாக்குதல் வரும். சில நாள்களோ சில வாரங்களோ இருக்கும். பிறகு முழுதாகவோ பாதியாகவோ விலகும். மருந்தே எடுக்காவிட்டாலும் பலருக்கு இப்படித் தணிவதுண்டு. கண் மங்கிய மூன்றாவது வாரத்தில் ஒருவர் என்சைம் மாத்திரை தொடங்குகிறார், ஐந்தாவது வாரத்தில் பார்வை தெளிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெருமை முழுவதும் மாத்திரைக்குப் போய்விடும். அவர் பொய் சொல்லவில்லை. கண் தெளிந்தது உண்மை. ஆனால் அந்த மாத்திரை இல்லாமலேயே தெளிந்திருக்குமா என்பதை ஒருவருடைய அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பலருக்கு மாத்திரையும், அதே அளவு பேருக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டால்தான் தெரியும்.

அப்படி ஒப்பிட்டும் பார்த்துவிட்டார்கள். எலிகளுக்கு எம்.எஸ். போன்ற நோயை உண்டாக்கி, வாய்வழியாக என்சைம் கொடுத்தபோது நல்ல பலன் தெரிந்தது. அந்த நம்பிக்கையில் ஐரோப்பாவில் 301 நோயாளிகளை வைத்து இரண்டு ஆண்டுகள் சோதனை நடத்தினார்கள். புரதத்தைச் சிதைக்கும் என்சைம்கள் சேர்ந்த மாத்திரை ஒரு பிரிவினருக்கு, வெற்று மாத்திரை இன்னொரு பிரிவினருக்கு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2005இல் முடிவு வெளிவந்தது. தாக்குதல் வரும் எண்ணிக்கையிலோ, ஊனம் கூடும் வேகத்திலோ, எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் புண்களிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காணொளிகள் எலியோடு நின்றுவிடுகின்றன. இந்தச் சோதனையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஏன் பலிக்கவில்லை என்பதும் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ராயபுரத்தில் பிரியாணிக்கு ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் பப்பாளிக்காயை அரைத்துப் பிசறி வைப்பார்கள். பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பைன் என்சைம் கறியின் புரதத்தைச் சிதைத்து மென்மையாக்குகிறது. அதைப் போலவே மாத்திரையில் இருக்கும் என்சைம், உறை சிதைந்த நரம்பில் உருவாகும் தழும்பைக் கரைத்துவிடும் என்று மனம் கணக்குப் போடுகிறது. பாத்திரத்தில் கறியும் பப்பைனும் நேராகத் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. உடலில் அப்படி இல்லை. என்சைமும் ஒரு புரதம்தான். பெரும்பகுதி இரைப்பையிலும் குடலிலும் செரித்துப்போகிறது. தப்பித்து இரத்தத்துக்குள் போகும் கொஞ்சத்தையும் அங்கே இருக்கிற தடுப்புப் புரதங்கள் பிடித்துக் கட்டிவிடுகின்றன. அதையும் தாண்டினால் மூளைக்கும் இரத்தத்துக்கும் நடுவே ஒரு காவல் சுவர் இருக்கிறது. இத்தனையையும் கடந்து போனால்கூட, தழும்பை மட்டும் சிதைத்து மயலினை விட்டுவிடும் விவேகம் அதற்குக் கிடையாது.

இரண்டாவது படி: எந்தத் தொந்தரவுக்கு என்று தீர்மானியுங்கள்

"எம்.எஸ்.ஸுக்கு என்சைம்" என்று கேட்காதீர்கள். எந்தத் தொந்தரவைக் குறைக்க நினைக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாலோ டீயோ குடித்தால் வயிறு கடமுடா என்கிறதா? அதற்கு லாக்டேஸ் என்ற என்சைம் இருக்கிறது. மொச்சை, கொண்டைக்கடலை, பட்டாணி சாப்பிட்டால் வாயுவா? அதற்கு ஆல்பா கேலக்டோசிடேஸ். இந்த இரண்டும் செரிமானத்தில் செய்யும் வேலை தெளிவாகத் தெரிந்த ஒன்று. உணவின் முதல் கவளத்தோடு எடுக்க வேண்டும். பாலைக் குறைத்துத் தயிருக்கு மாறியே சிலருக்குச் சரியாகிவிடும் என்பதால், மாத்திரைக்கு முன் அதைச் செய்து பாருங்கள்.

மலச்சிக்கலுக்கு என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். எம்.எஸ். நோயில் குடலை இயக்கும் நரம்புச் செய்தியே தடைபடுவதால் மலச்சிக்கல் வருகிறது; நடமாட்டம் குறைவதும் சேர்ந்துகொள்கிறது. சிறுநீர் அடக்க முடியாது என்ற பயத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள், அது இன்னும் இறுக்கும். செரிமான என்சைம் இதில் எதையும் தொடுவதில்லை. தண்ணீர், கீரை, வாழைத்தண்டு, தினமும் ஒரே நேரத்தில் கழிப்பறைக்குப் போகும் பழக்கம், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மலமிளக்கி: வழி இதுதான்.

சோர்வு, கால் இறுக்கம், மரத்துப்போதல், கண் மங்கல் ஆகியவற்றுக்கு என்சைம் வாங்க வேண்டாம். சோர்வுக்குக் கோஎன்சைம் க்யூ10 என்று ஒன்றைக் காட்டுவார்கள். அது என்சைம் அல்ல. செல்கள் சக்தி உண்டாக்கும்போது துணைபுரியும் கொழுப்பு போன்ற ஒரு பொருள். ஈரானில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் தினம் 500 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்தபோது சோர்வு குறைந்தது. நம்பிக்கை தரும் செய்தி, ஆனால் சின்ன ஆய்வு. விலையும் அதிகம். வீட்டுச் செலவை இழுத்துப் பிடித்து நடத்துகிறவர்களிடம் அதை வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மூன்றாவது படி: கவுன்டரில் கிடைப்பது என்ன என்று பிரித்துப் பாருங்கள்

மிக அதிகமாகக் குழப்பம் நேரும் இடம் இது, ஆபத்தும் இங்கேதான். "என்சைம் மாத்திரை" என்று கேட்டால் மூன்று நான்கு விதமான பொருள்கள் வரும்.

செரிமான வகை ஒன்று. டயஸ்டேஸ், பெப்சின், பப்பைன், பான்கிரியாட்டின் என்று அட்டையில் இருக்கும். பான்கிரியாட்டின், கணையம் சரியாகச் சுரக்காதவர்களுக்கான மருந்து; எம்.எஸ். வந்ததால் கணையம் கெடுவதில்லை. இந்த வகையில் சில மாத்திரைகளில் கரித்தூள் சேர்த்திருப்பார்கள், வாயுவை உறிஞ்சுவதற்காக. கரித்தூள் வாயுவை மட்டும் உறிஞ்சாது, மருந்தையும் உறிஞ்சும். எம்.எஸ். நோய்க்கு டெரிஃப்ளூனமைடு சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மருந்தை உடலிலிருந்து அவசரமாக வெளியேற்ற வேண்டிய நிலை வந்தால் மருத்துவமனையில் அதிக அளவில் கொடுக்கும் பொருள்களில் கரித்தூளும் ஒன்று. வயிற்று உப்புசத்துக்கான மாத்திரையில் இருப்பது அதைவிட மிகக் குறைவு. என்றாலும் தினமும் எடுக்கும் பழக்கமாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

வீக்கம் குறைக்கும் வகை இன்னொன்று. ட்ரிப்சின், கைமோட்ரிப்சின், புரோமெலைன், செராஷியோபெப்டிடேஸ்; இவற்றோடு சேர்ந்து வரும் ருட்டோசைடு என்சைம் அல்ல, தாவரப் பொருள். பல் பிடுங்கிய பிறகோ, அடிபட்டு வீங்கியபோதோ எழுதிக்கொடுப்பார்கள். புரோமெலைன் அன்னாசியின் தண்டிலிருந்து எடுப்பது; அன்னாசித் துண்டு சாப்பிட்டால் அந்த அளவு கிடைத்துவிடாது. செராஷியோபெப்டிடேஸ், பட்டுப்புழுவின் குடலில் வாழும் பாக்டீரியாவிலிருந்து ஜப்பானில் கண்டெடுத்தது. அதை விற்றுவந்த ஜப்பானிய நிறுவனமே, மறு ஆய்வில் பலன் நிரூபணமாகவில்லை என்று 2011இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. நம் ஊரில் இன்னும் தாராளமாகப் புழங்குகிறது.

மூன்றாவது வகை, என்சைமும் வலி மருந்தும் ஒரே மாத்திரையில் இருப்பது. காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா, மகளுக்காக வந்தார். மகளுக்கு எம்.எஸ்.; தாக்குதலுக்காக ஸ்டீராய்டு ஊசி முடித்து, வாய்வழி ஸ்டீராய்டு குறைத்துக்கொண்டிருந்த நேரம். கையில் பாதி தீர்ந்த ஒரு அட்டை. "தம்பி, இதே மாத்திரை ஒரு மாதத்துக்குக் கொடுப்பா. பக்கத்து வீட்டில் முட்டி வலிக்கு வாங்கியது. என்சைம்தானே, சத்து மாத்திரை மாதிரிதானே" என்றார். அட்டையைத் திருப்பினேன். அசிக்ளோஃபினாக், பாரசிட்டமால், கடைசியில் செராஷியோபெப்டிடேஸ். அசிக்ளோஃபினாக் வலி மருந்து. ஸ்டீராய்டோடு சேர்ந்தால் இரைப்பையில் புண்ணும் இரத்தக் கசிவும் வரக்கூடியது. மாதக்கணக்கில் எடுத்தால் சிறுநீரகத்துக்கும் கேடு. கடைசி வரியில் இருந்த ஒரு பெயருக்காக அந்தப் பெண் முதல் வரி முழுவதையும் விழுங்கியிருப்பார். "இதில் வலி மருந்து இருக்கிறதம்மா, ஸ்டீராய்டு எடுக்கும்போது ஆகாது. டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்" என்றேன். அந்த அம்மா அட்டையை வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். "அப்படியா, நல்லவேளை கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கலவை மாத்திரை நம் பகுதியில் மூலைக்கு மூலை கிடைக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

பயோட்டின் பற்றி ஒரு வார்த்தை. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் வைட்டமின் இது. உடலில் என்சைம்களுக்குத் துணையாக வேலை செய்வதால் இந்தப் பட்டியலிலும் சேர்ந்துவிடுகிறது. மிக அதிக அளவில் கொடுத்தால் முற்றிய எம்.எஸ். நோய் மேம்படும் என்று முதலில் ஒரு நம்பிக்கை பிறந்தது. பிறகு நடந்த பெரிய சோதனையில் அது நிற்கவில்லை. அதிக பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்ட வைக்கும். எடுத்துக்கொண்டிருந்தால் இரத்தப் பரிசோதனைக்கு முன்பே ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள்.

நான்காவது படி: அட்டையைப் படியுங்கள்

மருந்தாகத் தயாரித்ததற்கு உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவை இருக்கும். சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது. உணவுத் துணைப்பொருளாக வருவதில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். நோய் தீர்க்கும் மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்ற வாசகமும் இருக்க வேண்டும். அந்த வாசகத்தைப் பின்பக்கம் சிறிய எழுத்தில் போட்டுவிட்டு, முன்பக்கம் "நரம்பு நோய்களுக்கு" என்று பெரிதாகப் போட்டிருந்தால் அந்த டப்பாவைக் கீழே வைத்துவிடுங்கள். நரம்பு மண்டலக் கோளாறுகளைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடைசெய்திருக்கிறது.

எடையை மட்டும் பார்த்தால் போதாது. என்சைமின் வலிமை, அது எவ்வளவு வேலை செய்யும் என்ற அலகில்தான் தெரியும். கைமோட்ரிப்சின் மாத்திரையில் இத்தனை ஆர்மர் யூனிட் என்றும், பான்கிரியாட்டினில் இத்தனை லைபேஸ் யூனிட் என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். மில்லிகிராம் மட்டும் போட்டு அலகே போடாத செரிமானப் பொடிகளை நான் பரிந்துரைப்பதில்லை.

எங்கிருந்து எடுத்தது என்பதும் முக்கியம். பான்கிரியாட்டின் பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து வருகிறது. ட்ரிப்சினும் பன்றி அல்லது மாட்டிலிருந்து. தண்டையார்பேட்டையிலும் மண்ணடியிலும் இஸ்லாமியக் குடும்பங்கள் நிறைய. சௌகார்பேட்டைப் பக்கம் சைவ உணவுக்காரர்கள் நிறைய. அவர்களுக்கு இதைச் சொல்லாமல் கொடுப்பது சரியில்லை என்பது என் எண்ணம். துணைப்பொருளில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து அட்டையில் அந்தக் குறியை எதிர்பார்க்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பப்பைன், புரோமெலைன், பூஞ்சையிலிருந்து எடுக்கும் டயஸ்டேஸ் ஆகியவை விலங்கிலிருந்து வருவதில்லை. பப்பாளி, அன்னாசி, ரப்பர் கையுறை இவற்றில் எது பட்டாலும் அரிப்போ தடிப்போ வருகிறவர்கள் முதல் இரண்டையும் தொடவே வேண்டாம்.

ஐந்தாவது படி: மருத்துவரிடம் காட்டுங்கள்

வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் எட்டும் தூரத்தில்தான். வெளிநோயாளிகள் பிரிவு காலையில் நடக்கும். உங்கள் மருத்துவர் எந்தக் கிழமையில் பார்க்கிறார் என்று முன்னதாகக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோ 2021 பிப்ரவரியிலிருந்து ஓடுகிறது. குளிர்சாதனமும் மின்தூக்கியும் இருப்பதால் திருவொற்றியூர், காலடிப்பேட்டைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஷேர் ஆட்டோவைவிட அது எவ்வளவோ மேல். வெயிலில் வாடி மருத்துவமனைக்குள் நுழைந்தால், நோயின் நிலை உள்ளதைவிட மோசமாகத் தெரியும்.

கூட்டத்தில் மருத்துவரிடம் கிடைக்கும் நேரம் கொஞ்சம். அட்டையையே கையில் எடுத்துச் செல்லுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும் எல்லா மருந்தும், நாட்டு மருந்தும் சேர்த்து, ஒரே தாளில் இருக்கட்டும். "ஐயா, செரிமானத்துக்காக இதை எடுக்கலாமா? நான் சாப்பிடும் மருந்தோடு மோதுமா?" என்று நேராகக் கேளுங்கள். கோபிப்பார் என்று பயப்பட வேண்டாம். சொல்லாமல் எடுத்து, பிறகு ஏதாவது ஆனால்தான் அவருக்குக் கண்டுபிடிக்கச் சிரமம்.

சிலருக்கு இந்தப் பேச்சு "வேண்டாம்" என்றே முடியும், முடியவும் வேண்டும். வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களுக்குப் புரோமெலைனும், புளித்த சோயாவிலிருந்து எடுக்கும் நாட்டோகைனேஸ் என்ற என்சைமும் இரத்தக் கசிவைக் கூட்டலாம். அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். பல் பிடுங்கப் போனாலும் சொல்லிவிட வேண்டும். அமாக்சிசிலின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் புரோமெலைனோடு சேரும்போது இரத்தத்தில் அளவு கூடக்கூடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், இரைப்பைப் புண் உள்ளவர்கள் எடுக்க வேண்டாம். டைமெத்தில் ஃப்யூமரேட் என்ற எம்.எஸ். மருந்தைச் சாப்பிட ஆரம்பித்த புதிதில் வயிற்று வலியும் பேதியும் வருவது வழக்கம். அதைச் செரிமானக் கோளாறு என்று நினைத்து என்சைம் வாங்க வருகிறார்கள். அந்த மருந்தை வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு எடுத்தால் பெரும்பாலும் தணியும். தணியாவிட்டால் மருத்துவரே அளவை மாற்றித் தருவார்.

ஆறாவது படி: ஒன்றை மட்டும் தொடங்குங்கள், எழுதிவையுங்கள்

மருத்துவர் சரி என்றால், மாத்திரையைத் தொடங்கும் முன்பே ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி இரண்டு வாரம் எழுதுங்கள். என்ன சாப்பிட்டது, வயிறு எப்படி, மலம் கழிந்ததா, சோர்வு பத்துக்கு எவ்வளவு, தூக்கம் எத்தனை மணி நேரம். வீட்டு வாசலிலிருந்து தெருமுனைக் கடைவரை நடக்க எத்தனை நிமிடம். அன்று வெயில் எப்படி, மின்சாரம் போனதா என்பதையும் எழுதுங்கள். இந்தக் கடைசி இரண்டும் நம் ஊருக்கு மிகவும் தேவை. உடல் சூடு சற்று ஏறினாலே எம்.எஸ். நோயாளிக்குப் பழைய தொந்தரவெல்லாம் தலைதூக்கும். சூடு தணிந்ததும் அடங்கும். 1890இல் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் விவரித்ததால் அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. கத்திரி வெயிலில் தொடங்கிய மாத்திரைக்கு மழைக்காலத்தில் நல்ல பெயர் கிடைப்பதில் இந்தச் சூட்டுக்குப் பங்கு உண்டு.

பிறகு ஒரே ஒரு என்சைம், அட்டையில் உள்ள மிகக் குறைந்த அளவில். அதே வாரத்தில் உணவையோ, உடற்பயிற்சியையோ, வேறு சத்து மாத்திரையையோ மாற்றாதீர்கள். செரிமான என்சைமைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் அதற்கு வேலையே இல்லை. குடலில் போய்க் கரையும்படி பூச்சுப் போட்ட மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. எம்.எஸ். நோயில் சிலருக்கு விழுங்குவதே சிரமமாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு வீட்டில் அன்பாக மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பான்கிரியாட்டின் தூள் வாயில் தங்கினால் வாய்ப்புண் வரும். விழுங்கச் சிரமம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அது தனியாகக் கவனிக்க வேண்டிய பிரச்சினை.

நான்கு வாரம் எடுத்துப் பாருங்கள். பிறகு இரண்டு வாரம் நிறுத்துங்கள். நோட்டைப் பிரித்து மூன்று பகுதியையும் ஒப்பிடுங்கள். எடுத்தபோது வயிறு நன்றாக இருந்து, நிறுத்தியபோது மறுபடி ஊதினால் அந்த உணவோடு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வேறுபாடு தெரியவில்லையென்றால் அந்தப் பணத்தைச் சேமியுங்கள். "நல்லதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று தொடர வேண்டாம். வயிற்றுப்போக்கு, குமட்டல், தோல் தடிப்பு, காரணமில்லாமல் உடலில் கன்றிப்போன நீலத் தடம் ஆகியவை வந்தால் நான்கு வாரம் காத்திருக்காமல் அன்றே நிறுத்துங்கள். முகமோ உதடோ வீங்கினால், மூச்சு இழுத்தால், மலம் தார் போலக் கறுத்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மாத்திரைகளைச் சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள். அடுப்புச் சூடும் கடற்காற்றின் ஈரமும் என்சைமைக் கெடுத்துவிடும். மூடி இறுக்கிய டப்பாவில், வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வைத்தால் போதும்.

தாக்குதல் வந்தால்

புதிதாக ஒரு தொந்தரவு தோன்றி, அல்லது பழையது கூடி, காய்ச்சலோ தொற்றோ இல்லாத நிலையில் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது புதிய தாக்குதலாக இருக்கலாம். அப்போது மாத்திரை மாற்றிப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. மருத்துவமனையில் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைப் பொதுவாக நாளைக்கு ஒரு கிராம் வீதம் 3 முதல் 5 நாள் இரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள்; மீள்வது விரைவாகும். சிறுநீர் எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் அந்தத் தொற்றே தாக்குதல் போலத் தோற்றம் காட்டலாம், அதற்கும் பரிசோதனை வேண்டும். இன்டர்ஃபெரான், டைமெத்தில் ஃப்யூமரேட், டெரிஃப்ளூனமைடு, ரிடுக்சிமேப் என்று எது எழுதப்பட்டிருந்தாலும், அவை அடுத்த தாக்குதலைத் தள்ளிப்போடுகிற மருந்துகள். இன்று எடுத்து நாளை பலன் தெரியாது என்பதாலேயே "இது ஒன்றும் செய்யவில்லை" என்று நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தியவர்கள் சில மாதம் நன்றாக இருப்பதுண்டு. அதன் பிறகு வரும் தாக்குதல் விட்டுப்போகும் பாதிப்பை எந்த என்சைமும் திருப்பித் தராது. இதை யாரிடம் சொன்னாலும் கெஞ்சித்தான் சொல்கிறேன்.

மிச்சமாகும் பணத்தை எதில் போடலாம்

கடையில் நிற்கும் நானே சொல்கிறேன்: மாதாமாதம் என்சைமுக்குப் போகும் பணத்தில் ஒரு நல்ல டேபிள் ஃபேனும் மின்சாரம் போனால் ஓட இன்வெர்ட்டரும் வாங்கினால் எம்.எஸ். நோயாளிக்குக் கண்ணெதிரே பலன் தெரியும். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்வது, வெளி வேலையைக் காலை 9 மணிக்குள் முடிப்பது, குளிர்ந்த தண்ணீரை அவ்வப்போது பருகுவது, இவையும் அப்படியே. கால் இறுக்கத்துக்குப் பேக்லோஃபென் போன்ற மருந்தும் பிசியோதெரபியும் உண்டு. அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி இலவசம். ஒருமுறை போய்ப் பயிற்சிகளைக் கற்றுக்கொண்டால் வீட்டுத் தரையில் பாய் விரித்துச் செய்யலாம். வைட்டமின் டி அளவைப் பரிசோதித்து, குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுப்பதும் பொருத்தமான செலவு.

புதிதாக நோய் தெரியவந்த பல குடும்பங்களுக்கு இன்னொன்று தெரிவதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவக் குழு சான்றளித்தால் சட்டம் தரும் இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு வழி உண்டு. எம்.ஆர்.ஐ. அறிக்கை, மருத்துவமனைச் சீட்டுகள், ஆதார், புகைப்படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்துவைத்து, தனி அடையாள அட்டைக்கான இணையப் பக்கத்தில் விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம். 1985இல் தொடங்கிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. விண்ணப்பத்துக்குப் போகும் முன் அவர்களிடம் ஒருமுறை பேசினால், எந்தக் காகிதம் விடுபட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்பதை ஏற்கெனவே அலைந்தவர்களிடமிருந்தே கேட்டுக்கொள்ளலாம்.